மீன் தீனுக்கு ஒரு தராசு

கட்டுகஸ்தோட்டையில் மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடையொன்றின் அலுமாரியை மேலிருந்து கீழாகப் பார்த்தால், மீன் வளர்ப்பவரின் ஆசைகள் எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஃபைட்டருக்கு ஒரு டின், கப்பிக்கு ஒரு டின், டிஸ்கஸுக்கு ஒன்று, ஃபிளவர்ஹோர்னுக்கு இரண்டு மூன்று. ஒன்று நிறம் தரும், ஒன்று வளர்ச்சி தரும், ஒன்று நோய் தடுக்கும், ஒன்று தலையைப் பெருக்கும். கீழ்த்தட்டில் பெயரும் திகதியும் இல்லாத சிறு பொலித்தீன் பக்கற்றுகள். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையில் கிராம் விலை இருபது, முப்பது மடங்கு விலகி நிற்கும். இரண்டும் போகப்போவது ஒரே மீனின் வாய்க்குத்தான்.

இந்த விலகலுக்குக் காரணம் உண்டா என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. விலை கூடியதெல்லாம் ஏமாற்று என்று ஒரு கட்சி, மலிவானதெல்லாம் நஞ்சு என்று இன்னொரு கட்சி இந்தப் பொழுதுபோக்கில் எப்போதும் உண்டு. இரண்டையும் ஒதுக்கிவைத்து நான்கு அளவுகோல்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். மீனின் உடலுக்கு என்ன தேவை என்று ஆய்வுகள் சொல்கின்றன? அது டின்னில் இருக்கிறது என்பதற்கு லேபல் சாட்சி சொல்கிறதா? கடல் தாண்டி, கொழும்புக் களஞ்சியம் தாண்டி, கண்டி ஈரக்காற்றில் தொங்கி, நம் கைக்கு வரும்போது அது மிச்சம் இருக்கிறதா? இதையெல்லாம் கழித்த பிறகு விலை நியாயமாகிறதா?

மில்லிலீற்றர் என்னும் வித்தை

இன்றைய மீன் தீன் வணிகத்தின் தொடக்கம் ஜேர்மனியில். 1955-இல் உல்ரிச் பேன்ஷ் டெட்ராமின் என்ற பெயரில் ஃபிளேக் தீனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு தொட்டி மீன் வளர்த்தவர்கள் குட்டைகளில் புழுவும் நீர்த்தெள்ளும் வாரிக்கொண்டுதான் திரிந்தார்கள். அலுமாரியில் வைத்து எடுக்கக்கூடிய, பல இன மீன்களும் உண்ணக்கூடிய ஒரே தீன் என்பது அன்று பெரிய சாதனை. மீன்தொட்டியை வீட்டு வரவேற்பறைக்குள் கொண்டுவந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்த முதல் வெற்றி பொதுத் தீனின் வெற்றி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் தனித்தனி டின் என்பது பிறகு வந்த கதை.

விலையை எடைபோட முதல் தடை, டின்னின் முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் மில்லிலீற்றர். 100 மில்லிலீற்றர் டெட்ராமின் ஃபிளேக் டின்னில் இருப்பது 20 கிராம். 250 மில்லிலீற்றர் டின்னில் 52 கிராம். ஃபிளேக் என்பது பெரும்பாலும் காற்று என்பதால் டின் பெரிதாகத் தெரியும், சாமான் கொஞ்சமாக இருக்கும். இதில் மோசடி எதுவும் இல்லை. கிராம் கணக்கும் சின்ன எழுத்தில் அச்சடிக்கப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் குருணைத் தீன் டின்னையும் ஃபிளேக் டின்னையும் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு டின்தானே என்று விலையை ஒப்பிடுகிறவர் ஏமாந்துபோவார்.

20 கிராம் டின் ஒன்று 1,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கிலோ 50,000 ரூபா ஆகிறது. உலகச் சந்தையில் மீன்மா அண்மைய ஆண்டுகளில் தொன்னுக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,000 டொலர் வரை விலை போயிருக்கிறது. டொலரை 300 ரூபாவாகக் கணக்கிட்டால் கிலோ 450 முதல் 600 ரூபா. தீனின் தலையாய மூலப்பொருள், விற்பனை விலையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. மீதியெல்லாம் கொள்ளை லாபம் என்று உடனே தீர்ப்பெழுதிவிடவும் முடியாது. அரைத்தல், வேகவைத்தல், உலர்த்தல், விற்றமின், டின், கப்பல், சுங்கம், இறக்குமதியாளர், கடை வாடகை எல்லாம் அதில் அடக்கம். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டு, 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில கிழமைகளில் 360-ஐத் தொட்டபோது, இறக்குமதி டின்னின் விலை ஏறியதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனாலும் ஒரு விடயம் இதே கணக்கில் அம்பலமாகிறது. அதே டெட்ராமின் 10 லீற்றர் வாளியிலும் வருகிறது. உள்ளே இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். அப்படி வாங்கினால் கிராம் விலை பல மடங்கு இறங்கிவிடும். உள்ளே இருப்பது அதே தீன்தான். சின்ன டின்னுக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு தீனுக்காகக் கொடுக்கப்படுவதல்ல என்பதற்கு நிறுவனத்தின் சொந்த விலைப்பட்டியலே சாட்சி.

லேபல் எவ்வளவு சொல்கிறது?

இரண்டாவது அளவுகோல் லேபல். மூலப்பொருட்களை எடை வரிசையில் எழுத வேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள விதி. அந்த எடை, பதப்படுத்துவதற்கு முந்திய எடை. இங்கேதான் விளம்பரத்துக்கு ஒரு கதவு திறக்கிறது. 'முழு சல்மன்' என்று பட்டியலில் முதலாவதாக எழுதியிருந்தால் அந்த சல்மனின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். இரண்டாவதாக எழுதியிருக்கும் கோதுமை மா ஏற்கெனவே உலர்ந்தது. பச்சை மீனையும் கருவாட்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்த கதைதான். தண்ணீர் வற்றிய பிறகு எது முதலாவது என்று கேட்டால் வரிசை மாறிவிடலாம். ஒரே தானியத்தைக் கோதுமை மா, கோதுமைப் பசையம், கோதுமைத் தவிடு என்று மூன்றாகப் பிரித்து எழுதி ஒவ்வொன்றையும் கீழே தள்ளிவிடுவதும் இதன் தம்பி.

ஐரோப்பிய டின்களில் சிக்கல் வேறு வகை. அங்கே பொருட்களைப் பெயர் சொல்லாமல் வகை சொல்லி எழுத அனுமதி உண்டு: மீனும் மீனிலிருந்து பெறப்பட்டவையும், தானியங்கள், ஈஸ்ட், தாவரப் புரதச் சாறுகள் என்று. எந்த மீன், சதையா தலையும் முள்ளுமா, எந்தத் தானியம் என்று எதுவும் தெரியாது. அதே பெயருள்ள டின் அமெரிக்காவில் விற்கும்போது மீன்மா, அரைத்த தவிட்டரிசி, இறால்மா, கோதுமைப் பசையம் என்று பெயர் பெயராக எழுதுகிறது. எழுத முடியாதது ஒன்றும் இல்லை. சட்டம் கேட்கும் இடத்தில் மட்டும் எழுதுகிறார்கள்.

அடுத்தது புரத வீதம். வாங்குபவர் எல்லோரும் முதலில் பார்ப்பது இதைத்தான். டென்மார்க்கின் கால்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் யோஹான் கெல்டால் 1883-இல் வகுத்த முறையில், பொருளிலுள்ள நைதரசனை அளந்து அதை 6.25-ஆல் பெருக்கினால் வருவதுதான் 'கச்சாப் புரதம்'. சோதனை நைதரசனை எண்ணுகிறது. அது மீன் சதையிலிருந்து வந்ததா, இறகுத் தூளிலிருந்து வந்ததா, ஜீரணமாகுமா என்று கேட்பதில்லை. 2007-இல் சீனாவிலிருந்து போன கோதுமைப் பசையத்தில் மெலமைன் கலந்து நைதரசன் கணக்கை உயர்த்தியதும், அதை உண்ட நாய்களும் பூனைகளும் அமெரிக்காவில் சிறுநீரகம் பழுதாகிச் செத்ததும் இந்த ஓட்டையால்தான். 50 வீதம் என்ற எண் 40 வீதத்தைவிட நல்லது என்று லேபலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஈரத்தீனில் இந்த எண் எதிர்த்திசையில் ஏமாற்றும். உறைய வைத்த இரத்தப்புழுக் கட்டியில் புரதம் 5, 6 வீதம் என்று போட்டிருக்கும். பார்த்ததும் குறைவாகத் தோன்றும். அதில் 90 வீதம் தண்ணீர். தண்ணீரைக் கழித்தால் மிச்சமுள்ள பத்துப் பங்கில் பாதிக்கு மேல் புரதம். 100 கிராம் கட்டிக்குக் கொடுக்கும் காசு உண்மையில் 10 கிராம் தீனுக்கான காசு. இந்த ஒரு கழித்தலைச் செய்யாமல் எந்த இரண்டு தீனையும் ஒப்பிடக் கூடாது.

மீனுக்கு எவ்வளவு வேண்டும்?

ஆய்வு உலகத்தில் அலங்கார மீனுக்கு இருக்கும் இடம் சிறியது. சல்மன், திலாப்பியா, இறால் ஆகியவற்றின் தீனைப் பற்றிக் குவிந்திருக்கும் அறிவில் ஒரு சிறு பங்குதான் கப்பிக்கும் டிஸ்கஸுக்கும் உண்டு. இருப்பதைப் பார்ப்போம். வளரும் கப்பிக்கு 30 முதல் 40 வீதப் புரதம் போதும் என்பது சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட ஆய்வு. தங்கமீன் குஞ்சுக்கு ஏறத்தாழ 29 வீதம். டிஸ்கஸ் குஞ்சுக்கு 45 முதல் 50 வீதம் வரை. பொதுத் தீன் என்று விற்கும் டெட்ராமினில் 47 வீத அளவில் புரதம் இருக்கிறது. கப்பிக்கும் தங்கமீனுக்கும் தேவையைத் தாண்டிய அளவு அது. டிஸ்கஸ் குஞ்சின் தேவையில் கீழ் எல்லையை மட்டுமே தொடுகிறது.

தேவைக்கு மேல் போடும் புரதம் வீணாவதோடு நிற்காது. 45 வீதப் புரதமுள்ள தீன் 100 கிராமில் 7.2 கிராம் நைதரசன். மீன் தன் உடலுக்குச் சேர்க்காத பங்கைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. 'உயர் புரதம்' என்று காசு கூட்டிக் கொடுத்து வாங்கியதை மீன் அமோனியாவாக்கித் தண்ணீரில் விடும். அதை அகற்ற நாம் வடிகட்டிக்கும் தண்ணீர் மாற்றுவதற்கும் செலவழிப்போம். குழாயில் வரும் குளோரின் கலந்த தண்ணீரை அப்படியே ஊற்றி வடிகட்டியிலுள்ள நல்ல பக்ரீரியாவைக் கொன்றுவிட்டு, மீன் சாகும்போது தீனைக் குற்றம் சொல்பவர்களும் உண்டு. அடுத்த மாதம் அவர்கள் இன்னும் விலை கூடிய டின்னுக்கு ஏறுவார்கள்.

தனி இனத்துக்குத் தனித் தீன் என்ற வாதத்துக்கு வருவோம். மீன்களின் குடல்கள் வேறுபடுவது உண்மை. தங்கமீன், கொய் போன்ற கெண்டைக் குடும்ப மீன்களுக்கு இரைப்பையே கிடையாது; கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை போடுவது அவற்றுக்கு நல்லது. பாசி சுரண்டும் மீனுக்குத் தாவரம் அதிகமாக வேண்டும். மேலே உண்பதற்கு மிதக்கும் தீனும் அடியில் மேய்வதற்கு அமிழும் தீனும் வேண்டும். ஃபைட்டரின் சின்ன வாய்க்குச் சின்னக் குருணை வேண்டும். இவ்வளவையும் கூட்டினால் நான்கு அல்லது ஐந்து வகைத் தீன் வரும். அலுமாரியில் இருப்பதோ நாற்பது.

இந்தப் பெருக்கம் உயிரியலிலிருந்து வந்ததா என்று சோதிக்க நம் நாட்டு மீனொன்றே போதும். விலங்கியலாளர் தெரணியகல 1929-இல் விவரித்த செரி பார்ப், இலங்கையின் ஈரவலய ஓடைகளுக்கு மட்டுமே உரியது. உலகம் முழுவதும் தொட்டிகளில் வளர்கிறது. அழுகிய இலைப்பொடி, பாசி, சிறு பூச்சி என்று அதன் இயற்கை உணவும் தெரிந்ததுதான். 'செரி பார்ப் தீன்' என்று ஒரு டின்னை எந்தக் கடையிலாவது கண்டவர் உண்டா? அதன் உறவான கறுப்பு ரூபி பார்புக்கும் இல்லை. ஆனால் மனிதர் கலப்பினமாக உருவாக்கி, இயற்கையில் எந்த ஆற்றிலும் தோன்றாத, இயற்கை உணவு என்று சொல்ல எதுவும் இல்லாத ஃபிளவர்ஹோர்னுக்கு டின் டின்னாகத் தீன் வருகிறது. தனித்தீன் பட்டியல் மீனின் விலையையும் வளர்ப்பவரின் மோகத்தையும் பின்தொடர்கிறது. குடலைப் பின்தொடர்ந்திருந்தால் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நிறமும் தலையும்

"நானா, கலர் வர எது நல்லம்?"

"இதப் போடுங்க தம்பி. ரெண்டு கிழமையில வித்தியாசம் தெரியும்."

கடையில் இந்தப் பேச்சு நடக்காத நாள் இருக்காது. கடைக்காரர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். வித்தியாசம் தெரியத்தான் செய்யும். மீன் கடையிலிருந்து பையில் அடைபட்டு, குலுங்கி, புதுத் தண்ணீரில் விழும்போது பயத்தில் நிறம் வெளிறியிருக்கும். செடியும் இருட்டு மூலையும் உள்ள தொட்டியில் இரண்டு கிழமை அமைதியாக இருந்தால் சோற்றுப் பருக்கை போட்டாலும் நிறம் திரும்பும். ஒப்பிட்டுப் பார்க்க அதே குஞ்சுகளில் பாதியைச் சாதாரணத் தீனில் வளர்த்த இரண்டாவது தொட்டி எவரிடமும் இல்லை. பாராட்டெல்லாம் டின்னுக்குப் போய்விடுகிறது.

இருந்தாலும் நிறத்தீனுக்குப் பின்னால் மெய்யான அறிவியல் உண்டு என்பதை மறுக்கக் கூடாது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் நிறங்களுக்கு வேண்டிய கரட்டினொயிட்டுகளை மீனின் உடல் தானாக உண்டாக்காது, உணவிலிருந்துதான் வரவேண்டும். அஸ்டசாந்தின், ஸ்பைருலினாவிலுள்ள சியாசாந்தின் போன்றவை அவைதான். தங்கமீன் சியாசாந்தினை அஸ்டசாந்தினாக மாற்றிக்கொள்ளவும் செய்யும். இவை இல்லாத தீனில் மாதக்கணக்கில் வளர்ந்த சிவப்பு மீன் மங்கும், சேர்த்தால் தெளியும். இதுவரை விளம்பரம் சரி.

அதற்கு அப்பால் விளம்பரம் சறுக்குகிறது. நியோன் டெட்ராவின் நீலக்கோடும் ஃபைட்டரின் நீல மினுக்கமும் நிறமியால் வருபவை அல்ல. தோல் கலங்களிலுள்ள குவானின் பளிங்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருபவை. எந்தக் கரட்டினொயிட் டின்னும் நீலத்தை நீலமாக்காது. கப்பியின் செம்மஞ்சள் புள்ளியில் கரட்டினொயிட்டோடு டுரோசொப்டெரின் என்ற நிறமியும் இருக்கிறது. அதைக் கப்பியின் உடலே தயாரித்துக்கொள்கிறது. மரபில் இல்லாத நிறத்தை உணவு கொண்டுவராது. டின்னின் மேல் அச்சடித்த மீனின் நிறத்தில் அச்சகத்துக்கும் பங்குண்டு.

இதில் உள்ளூர்ச் சரக்கும் வெறுங்கையல்ல. இறால் வகைகளின் ஓட்டிலேயே அஸ்டசாந்தின் இருக்கிறது. உப்புப் போடாத கூனி இறாலைக் காயவைத்துத் தூளாக்கி வாரத்தில் இரண்டு நாள் போட்டால், நிறத்தீன் தருவதாகச் சொல்வதில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

'தலை பெருக்கும்' தீனின் வழக்கு இதைவிட எளிது. ஃபிளவர்ஹோர்ன் 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாகி, அதிர்ஷ்ட மீன் என்ற பெயரோடு ஆசியா முழுவதும் பரவியது. நெற்றிப் புடைப்பைத் தீர்மானிப்பவை முதலில் பரம்பரை, பிறகு ஆண் ஹோமோன், வயது. நன்றாக உண்ணும் மீனுக்குக் கொழுப்புச் சேர்ந்து புடைப்பு சற்றுக் கூடலாம். அதற்கு எந்த நல்ல தீனும் போதும். நல்ல பரம்பரைக் குஞ்சுக்குத் தலை வந்தால் டின்னுக்குப் புகழ், வராவிட்டால் குஞ்சுக்குக் குற்றம். எந்தப் பக்கம் விழுந்தாலும் தோற்காத வாக்குறுதியை வாக்குறுதி என்றே எடுத்துக்கொள்ளக் கூடாது.

உள்ளி சேர்த்த 'நோய் தடுக்கும்' தீன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளி மணத்தால் தீன் மறுத்த மீனும் வாய் வைக்கும். வளர்ப்பு மீன்களில் எதிர்ப்புச் சக்தி பற்றிச் சில சாதகமான ஆய்வுகளும் உண்டு. வெண்புள்ளி நோய் வந்த தொட்டியை உள்ளித் தீன் குணமாக்கும் என்று சொல்ல அவை போதாது. ஜப்பானிய ஹிகாரி தன் சகி-ஹிகாரி வரிசையில் சேர்க்கும் நல்ல பக்ரீரியாவுக்கு இதைவிட வலுவான வாதம் உண்டு. பசிலஸ் வகை பக்ரீரியா வித்துருவில் சூட்டையும் உலர்வையும் தாங்கும். மீன் பண்ணைகளில் புரோபயோட்டிக் பயன்படுவது நிறுவப்பட்ட நடைமுறை. பெரிய கொய்க் குளம் வைத்திருப்பவருக்கு அதில் பயன் இருக்கலாம். மூன்றடித் தொட்டியில் பத்துக் கப்பி வளர்ப்பவர் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் காணப்போவதில்லை.

ஈரக்காற்றில் தொங்கும் பக்கற்

மூன்றாவது அளவுகோல், நம் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு தீனின் நிலை. உண்மையில் பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது. ஆனால் எந்த விளம்பரமும் பேசாத விடயம் இது.

தீனில் முதலில் கெடுவது விற்றமின் சி-யும் மீன் எண்ணெயும். வெப்பம், ஈரம், வெளிச்சம், காற்று நான்கும் அவற்றின் எதிரிகள். கட்டுகஸ்தோட்டை மகாவலிக் கரை ஊர். மழை மாதங்களில் மூடி சரியாகப் பூட்டாத உப்புப் போத்தலே கசியும். அங்கே இறக்குமதி வாளியை உடைத்து, கரண்டியால் அள்ளி, மெல்லிய பொலித்தீனில் கட்டி, கடை முகப்பில் வெயில் படத் தொங்கவிடுகிறார்கள். பக்கற்றில் நிறுவனப் பெயர் இல்லை, காலாவதித் திகதி இல்லை, வாளி எப்போது திறக்கப்பட்டது என்பது கடைக்காரருக்கே மறந்திருக்கும். கையில் எடுத்து முகர்ந்தால் சில பக்கற்றுகளில் பழைய தேங்காயெண்ணெயின் காறல் வாசம் வரும். கொழுப்பு கெட்டதற்கு அதைவிடச் சோதனை தேவையில்லை.

ஆகவே கீழ்த்தட்டு மலிவும் மெய்யான மலிவு அல்ல. சத்து அழிந்த தீனை அரை விலைக்கு வாங்கினாலும் நட்டம்தான். நல்ல தீன்கூடத் தண்ணீரில் அதிக நேரம் தாங்காது. நியோன் டெட்ராக்களை வைத்து 1994-இல் வெளியான ஆய்வொன்று, தீன் தண்ணீரில் விழுந்த அரை நிமிடத்துக்குள் பி12 முதலான நீரில் கரையும் விற்றமின்களில் பெரும்பகுதி கரைந்துவிடுவதைக் காட்டியது. இதிலிருந்து இரண்டு பாடம். மீன் உடனே விழுங்கும் அளவுக்குக் கொஞ்சமாகப் போடுவது, எந்த விலை டின்னிலும் சத்தைக் காப்பாற்றும் முதல் வழி. லேபலில் விற்றமின் சி 'அஸ்கோர்பில் பொலிபொஸ்பேற்று' என்று இருந்தால் அது வெறும் அஸ்கோர்பிக் அமிலத்தைவிட நிலைத்து நிற்கும் வடிவம். விலை கூடிய தீன் தன் விலைக்குக் காட்டக்கூடிய மிக நேர்மையான சான்றுகளில் இது ஒன்று. முகப்பில் அது பெரிய எழுத்தில் வருவதே இல்லை.

மறுதரப்பின் சாட்சி

விசேட டின்களுக்கு எதிரான மிக வலுவான சாட்சி நம் நாட்டு மீன் பண்ணையாளர்தான். இலங்கை ஏற்றுமதி செய்யும் அலங்கார மீன்களில் கப்பிக்குப் பெரும் பங்கு. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று போய் நிறத்துக்காகவே விலைபெறும் மீன் அது. வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தொட்டிகளில் அதை வளர்க்கும் சிறு உற்பத்தியாளருக்கு, அலுமாரியின் மேல்தட்டு டின்னைக் கொட்டினால் கட்டுபடியாகாது. அவர் மொய்னா என்ற நீர்த்தெள்ளை வளர்த்துப் போடுகிறார், குஞ்சுக்கு ஆட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலைப் பொரிக்கிறார், இறால் தீனையோ கோழிக்குஞ்சுத் தீனையோ மீன்மாவோடு அரைத்துச் சேர்க்கிறார். தேசிய நீரியல் வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை ரம்படகல்லையில் நடத்தும் அலங்கார மீன் நிலையம் இந்தத் தொழிலுக்குப் பயிற்சி கொடுக்கிறது. டொலருக்கு விற்கும் கப்பி இப்படி வளர்கிறது. அதே கப்பி வீட்டுத் தொட்டிக்கு வந்ததும் கிலோ 50,000 ரூபாத் தீன் இல்லாமல் வாழாது என்பதை எப்படி நம்புவது?

மொய்னாவின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். பச்சைத் தண்ணீரும் சிட்டிகை ஈஸ்ட்டும் இருந்தால் ஒரு பேசினில் வளரும். நுளம்புக் குடம்பியும் நல்ல தீன்தான். ஆனால் அதற்காகத் தண்ணீரைத் திறந்து வைப்பவர் 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். டெங்கு ஊரில் அது சரியான சட்டம். மொய்னாப் பேசினுக்கும் நுளம்பு வலை போட்டே ஆகவேண்டும்.

நிறுவனங்களின் பக்கமும் கேட்போம். பண்ணையாளருக்கு நேரமும் அனுபவமும் உண்டு. அலுவலகம் போய் வரும் ஒருவருக்கு மொய்னா வளர்க்க முடியாமல் போகலாம். டின் அந்த வசதியை விற்கிறது, அது நியாயமான விற்பனை. பெயர்பெற்ற நிறுவனத்தின் தீன் ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் வரும், தண்ணீரில் உதிராது, கலக்காது. டிஸ்கஸ் குஞ்சு, கடல்மீன், பொரித்துச் சில நாளான நுண்குஞ்சு ஆகிய மூன்று இடங்களில் சாதாரணத் தீன் போதாது என்பதும் உண்மை. வண்டுப்புழுவும் ஈப்புழுவும் சேர்த்த புதுத் தீன்களை வெறும் விளம்பரம் என்று தள்ளவும் முடியாது. சிறு மீன்கள் பல காட்டில் பூச்சிதான் அதிகம் உண்கின்றன. கடல் மீனை அரைத்து மீன்மா ஆக்குவதைக் குறைக்கும் வழியாக ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் பூச்சிப் புரதத்தை வளர்ப்பு மீன் தீனில் அனுமதித்தது. நோக்கம் நல்லது. அதற்காக மூன்று மடங்கு விலை கொடுத்தால் மீனுக்கு மூன்று மடங்கு நன்மை என்று கணக்குப் போடுவது மட்டும் தவறு.

தீர்ப்பு

நான்கு அளவுகோலும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. பெயரும் திகதியும் இல்லாத பக்கற் தள்ளுபடி. அதன் மலிவு பொய். நிறுவனப் பெயர், கிராம், திகதி, பொருட்பட்டியல் நான்கும் உள்ள நடுத்தர விலைப் பொதுத் தீன் தேர்ச்சி பெறுகிறது. வீட்டுத் தொட்டிகளில் மிகப் பெரும்பான்மைக்கு அதுவும், வாரம் இரண்டு முறை உயிர்த்தீனோ கூனித்தூளோ சேர்ந்தால் போதும். மிதப்பது, அமிழ்வது, தாவரம் மிகுந்தது, சின்ன வாய்க்கானது என்ற பிரிவுகளுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது நியாயம். தனி இனப் பெயர் போட்ட டின், மேலே சொன்ன மூன்று விதிவிலக்கு நீங்கலாக, தன் விலையை நிரூபிக்கத் தவறுகிறது. தலை பெருக்கும், நோய் தீர்க்கும் என்பவற்றுக்கு விலையே பேசக் கூடாது.

டின் வாங்குபவர் இரண்டு மாதத்துக்குள் முடியும் அளவுக்கு வாங்க வேண்டும். பெரிய டின்னின் கிராம் விலை குறைவு என்று ஒரு வருடத்துக்கு வாங்குபவர், கடைக்காரர் வாளியை உடைத்துச் செய்வதையே வீட்டில் செய்கிறார். பெரிய டின்தான் வேண்டுமென்றால் நண்பர்கள் சேர்ந்து வாங்கி, மூடி இறுகும் போத்தலில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

மிச்சமிருப்பது அரசுக்கான கேள்வி. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கட்டம்பேயில், கட்டுகஸ்தோட்டையிலிருந்து மகாவலியோடு போனால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. விலங்குத் தீனுக்கு 1986-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டமும், நுகர்வோருக்கு 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமும் நாட்டில் உண்டு. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில். பிரித்துக் கட்டி விற்கும் மீன் தீன் பக்கற்றில் மூல நிறுவனம், வாளி திறந்த திகதி, காலாவதித் திகதி ஆகிய மூன்றையும் எழுதவைப்பதற்குப் புதுச் சட்டமோ பெரும் செலவோ வேண்டியதில்லை. சந்தையில் அதிகம் விற்கும் பத்துத் தீன்களை, ஒரே தாயின் கப்பிக் குஞ்சுகளைப் பிரித்து வளர்த்து, எது எதுவென்று பார்ப்பவருக்குத் தெரியாமல் எடையும் நிறமும் அளந்து முடிவை வெளியிடுவது மாணவர் ஆய்வொன்றுக்குப் போதுமான வேலை. அது நடக்கும்வரை நிரூபிக்க வேண்டிய கடமை விற்பவருடையது. லேபலைத் திருப்பிக் கிராமைப் பார்த்துவிட்டு, "இது மற்றதைவிட ஏன் பத்து மடங்கு விலை?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்குக் கடையில் பதில் இல்லையென்றால், பத்தில் ஒன்பது பங்கை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.